தீ வைத்தது மின்சாரம், சரி. பூட்டுப் போட்டது யார்?



எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் பத்திரிகையில் ஒரே வரி வருகிறது: "மின்கசிவே விபத்துக்குக் காரணம் என்று தெரிகிறது." ஜவுளிக்கடை எரிந்தாலும் மின்கசிவு. சினிமாக் கொட்டகை எரிந்தாலும் மின்கசிவு. பனியன் கம்பெனி கோடவுன் எரிந்தாலும் மின்கசிவு. மந்திரி வந்து அனுதாபம் தெரிவிக்கிறார். முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். செத்தவர் குடும்பத்துக்கு இத்தனை லட்சம் என்று அறிவிப்பு வருகிறது. அத்தோடு விஷயம் முடிந்தது. ஒயரைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா?

நாம் கேட்பது வேறு கேள்வி. ஒயரில் பொறி பறந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் மின்சாரமா? இரண்டாவது படிக்கட்டைக் கட்டாமல் விட்டதும் மின்சாரமா? இருக்கிற ஒரே படிக்கட்டிலும் அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்ததும் மின்சாரந்தானா?

இது பட்டணத்துச் சமாசாரம், நாலு மாடிக் கடைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வயல் வரப்பில் நின்று இந்தப் பத்திரிகையை வாசிக்கும் தோழர் எண்ண வேண்டாம். மழை பொய்த்து, வேலை நாள் குறைந்து, கடன் ஏறியபோது பிள்ளையை எங்கே அனுப்பினீர்கள்? சென்னை ஜவுளிக் கடைக்கு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. திண்டுக்கல், கோவைப் பக்கம் நூல் மில்லுக்கு. அந்தப் பெண் எந்த மாடியில் நிற்கிறாள், எந்த மாடியில் படுக்கிறாள், படுக்கும் இடத்துக் கதவு உள்ளிருந்து திறக்குமா என்று நமக்குத் தெரியாது. அவளைக் கேட்டால், "ராத்திரி வாச்மேன் பூட்டிட்டுப் போவாருப்பா" என்பாள். வயசுப் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று மானேஜர் சொல்வார். எதிலிருந்து பாதுகாப்பு?

கட்டிடம் பிழைத்தது

நூறு வருஷத்துக்கு முந்தின கதை ஒன்றைச் சொல்கிறோம். பழைய கதையென்று தள்ள வேண்டாம். ஆள் மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, பூட்டு மாறவில்லை.

1911 மார்ச் 25-ந் தேதி, சனிக்கிழமை. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். பத்து மாடிக் கட்டிடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி. ஐந்நூறு பேர் அளவில் வேலை செய்தனர். பெரும்பாலும் இளம் பெண்கள். பிழைக்க வழி தேடிக் கப்பலேறி வந்த யூதக் குடும்பத்துப் பெண்கள், இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமியும் அதில் உண்டு. வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேஜைக்கடியில் குவிந்து கிடந்த கழிவில் தீப்பிடித்தது. பஞ்சுத் தீ எப்படி ஓடும் என்று மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளிகள் இருவரும் பத்தாவது மாடி ஆபீசில் இருந்தனர். எட்டாவது மாடியிலிருந்து அவர்களுக்கு டெலிபோன் போயிற்று. மொட்டை மாடிக்கு ஏறி, பக்கத்துக் கட்டிடத்துக்குத் தாண்டித் தப்பினர். நடுவிலிருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. நெருப்பே வந்து சொல்லிற்று.

ஒன்பதாவது மாடியில் இரண்டு படிக்கட்டு வாசல்கள். ஒன்றைத் தீ மறித்துக்கொண்டது. மற்றதற்கு ஓடினார்கள். பூட்டு! ஏன் பூட்டு? வேலை விட்டுப் போகும்போது எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு முழம் துணியும் வெளியே போய்விடக்கூடாது. மில் கேட்டில் மடியை அவிழ்த்துச் சோதனை போடுவது நம் தோழர்களுக்குப் புதிதல்ல, அதே சோதனைதான். இத்தனைக்கும் எவ்வளவு சரக்குத் திருட்டுப் போயிற்று? இருபத்தைந்து டாலருக்கு மேல் இராது என்று முதலாளியே பின்னால் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்.

வெளிப்பக்கத்து இரும்பு ஏணி பளுத் தாங்காமல் முறிந்து விழுந்தது. லிப்ட் ஓட்டிய இரண்டு தொழிலாளிகள் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய்ப் பலரை இறக்கினார்கள். பிறகு அதுவும் நின்றது. தீயணைப்புப் படையின் ஏணி வந்தது. ஆறாவது மாடி வரைதான் எட்டியது. ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து பெண்கள் குதித்தார்கள். 146 பேர் மாண்டனர். அதில் 123 பேர் பெண்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

இரண்டு வருஷத்துக்கு முன், 1909-ல், இதே பெண்கள் நியூயார்க் சட்டைக் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள். போலீஸ் தடியடியும் ஜெயிலும் பட்டவர்கள். பல கம்பெனிகள் சங்கத்தை ஒப்புக்கொண்டன. டிரையாங்கிள் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கம் இல்லாத கம்பெனியில் கதவைத் திறக்கச் சொல்ல யார் இருந்தார்கள்?

வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அந்த நிமிஷத்தில் முதலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1911 டிசம்பரில் ஜூரிகள் விடுதலை செய்தனர். இந்தக் காட்சி கீழத்தஞ்சைத் தோழர்களுக்குப் பழகிய காட்சி. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்த வழக்கிலும் பண்ணையார்கள் கடைசியில் விடுதலையாகித்தானே வெளியே வந்தார்கள்! அது வைத்த தீ. இது பிடித்த தீ. கோர்ட்டு வாசலில் வித்தியாசம் தெரியவில்லை.

நியூயார்க் முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணம், அவர்கள் அடைந்த நஷ்டத்தைக் காட்டிலும் சுமார் 60,000 டாலர் கூடுதல். செத்த ஆள் ஒன்றுக்கு நானூறு டாலர் கைக்கு வந்தது. 1914-ல் அவர்கள் குடும்பங்களுக்குக் கொடுத்ததோ உயிர் ஒன்றுக்கு 75 டாலர். மிச்சத்தை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நடுவே 1913-ல் இருவரில் ஒருவர் தம் புதிய கம்பெனியில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்து அகப்பட்டார். அபராதம் இருபது டாலர்.

அந்தக் கட்டிடம் தீப்பிடிக்காத கட்டிடம் என்று பெயர் பெற்றது. அது பொய்யல்ல. இன்றும் நிற்கிறது, ஒரு சர்வகலாசாலை அதில் வகுப்பு நடத்துகிறது. சுவர், தூண், தளம் எல்லாம் பிழைத்தன. ஆட்கள்தான் பிழைக்கவில்லை. கட்டிடத்தைக் காப்பாற்றுவது ஒரு காரியம், கட்டிடத்துக்குள் இருப்பவனைக் காப்பாற்றுவது வேறு காரியம். முதல் காரியத்துக்கு முதலாளி செலவு செய்வான், இன்ஷூரன்ஸ்காரன் கேட்பான். இரண்டாவது காரியத்துக்கு நாம் கேட்டாலொழிய ஒருவனும் செய்ய மாட்டான்.

புகைதான் எமன்

தீ ஆளைத் தொடுமுன் புகை தொட்டுவிடுகிறது. இதை நம் தோழர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய கடையிலும் கம்பெனியிலும் இருப்பது என்ன? பாலியெஸ்டர், பிளாஸ்டிக், ஸ்பஞ்சு, ரெக்சின். இவை எரிந்தால் கரும்புகை கிளம்பும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்து வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், கால் துவளும். கதவு நாலடி தூரத்தில் இருக்கும். போய்ச் சேர முடியாது. தீ விபத்தில் செத்தவர்களில் பலர் உடம்பில் ஒரு கொப்புளமும் இராது.

நம் வீட்டு அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு வைக்கிறோம். புகை மேலே போகட்டும் என்று. மாடிக் கட்டிடத்தில் படிக்கட்டும் லிப்ட் குழியும் அதே புகைக்கூண்டுதான். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை சில நிமிஷத்தில் மேல்தளம் வரை ஏறி அடைத்துவிடும். ஆகவேதான் படிக்கட்டைச் சுற்றிக் கனமான சுவர் வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு வாசலில் தானே சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வேண்டும், மேலே புகை வெளியேற வழி வேண்டும், ஒன்றுக்கொன்று எட்டத்தில் இரண்டு படிக்கட்டு வேண்டும் என்று விதி சொல்கிறது. தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பெரிய விஞ்ஞானமல்ல. கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த வேலை.

ஏன் செய்வதில்லை? படிக்கட்டில் சேலை விற்க முடியாது. அதுதான் காரணம். இரண்டாவது படிக்கட்டு அடைக்கும் இடத்தில் ஒரு கவுண்டர் போடலாம். ஜன்னல் இருக்கும் இடத்தில் விளம்பரப் பலகை வைக்கலாம். இன்று பெரிய கடைகளின் முகப்பைப் பாருங்கள்: கண்ணாடியும் தகடும் விளம்பரமும் கொண்டு மூடிய பெட்டி.

2017 மே 31-ந் தேதி விடியற்காலை சென்னை தியாகராயநகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது. அடர்ந்த புகையில் தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைய முடியாமல் திணறினர். ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது; மிச்சத்தைப் பின்னர் இடித்துத் தள்ளினார்கள். மேல்மாடியில் இருந்த ஊழியர்கள் சிலரை ஏணி வைத்து இறக்கினர். விடியற்காலையாக இருந்ததால் கடையில் ஜனங்கள் இல்லை. அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை பிடித்திருந்தால்? இதற்கு முன் 2008-ல் அதே வட்டாரத்தில், ரெங்கநாதன் தெருக் கடைத் தீயில், இரண்டு ஊழியர்கள் மாண்டனர். ஒன்பது வருஷத்தில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்?

டில்லியின் கதை இன்னும் கொடுமை. 2019 டிசம்பர் 8-ந் தேதி, அனாஜ் மண்டியில் சிறு பட்டறைகள் நெருக்கிய கட்டிடம். வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளிகள் 43 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மூச்சுத் திணறி. பீகாரிலிருந்து வந்த கூலி விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அதில் அநேகர். 2022 மே 13-ந் தேதி, முண்ட்காவில் நாலு மாடிக் கட்டிடம். வெளியேற ஒரே படிக்கட்டு. தீயணைப்புத் துறையின் சான்று கிடையாது. 27 பேர் மாண்டனர்.

நம் திண்டுக்கல்லிலேயே 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. ஆறு பேர் மாண்டனர். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை இழுத்து வெளியே போட்டார்கள். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக்கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒத்திகை நடத்தினால் போதும். அந்த ஒரு மணி நேர உற்பத்தியை இழக்க யாருக்கு மனம் வருகிறது?

சர்டிபிகேட் வாங்கிய சமாதி

"எங்களிடம் எல்லாச் சர்டிபிகேட்டும் இருக்கிறது" என்பார்கள். இருக்கும். பாகிஸ்தானில் கராச்சி நகரத்து அலி எண்டர்பிரைசஸ் துணி ஆலையிலும் இருந்தது. பாதுகாப்பில் உலகத் தரம் என்று ஐரோப்பியக் கம்பெனி ஒன்று சர்டிபிகேட் கொடுத்துச் சில வாரந்தான் ஆயிற்று. 2012 செப்டம்பர் 11-ந் தேதி அந்த ஆலை எரிந்து 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. வாசல்களுக்குப் பூட்டு. மாமூல் கேட்ட கும்பல் வைத்த தீ அது என்று 2020-ல் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. இருக்கட்டும்! தீ வைத்தவன் கொலைகாரன், அவனுக்குத் தண்டனை. ஓடிய ஜனங்களைத் தடுத்து நிறுத்திய இரும்புக் கம்பியை வைத்தவன் யார்?

அதே வருஷம் நவம்பர் 24-ந் தேதி வங்காள தேசத்தில் டாக்கா அருகே தாஸ்ரீன் ஆலை. கீழ்த்தளத்தில் நூல் மூட்டை எரிந்தது. அபாய மணி அடித்தது. எழுந்தவர்களை "ஒன்றுமில்லை, உட்கார்ந்து வேலையைப் பார்" என்று அதிகாரிகள் அதட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். படிக்கட்டுகள் எல்லாம் அதே கீழ்த்தளத்துக்கே போய் இறங்கின. குறைந்தது 112 பேர் மாண்டனர். ஐந்து மாதம் கழித்து ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தபிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

அங்கே ஒரு காரியம் நடந்தது. நாம் படிக்க வேண்டிய பாடம் அதுதான். 2013 மே மாதம், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளைச் சங்கங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தன. வெறும் வாக்குறுதியல்ல, மீறினால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் கையெழுத்திட்டன. நிர்வாகக் குழுவில் சங்கத்துக்குச் சரிபாதி இடம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளுக்குள் எஞ்சினியர்கள் நுழைந்தார்கள். அவர்கள் முதலில் பிடுங்கச் சொன்னது என்ன தெரியுமா? மடக்கு இரும்புக் கேட்டை! ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தி வெளியேற உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. வால்மார்ட் போன்ற அமெரிக்கப் பெருங்கம்பெனிகள் இதில் சேராமல், சங்கத்துக்குச் சமபங்கில்லாத தனி ஏற்பாடு செய்துகொண்டன. அவர்களுக்கு எது கசந்தது என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

ஒப்பந்தம் ஏற்றுமதித் துணி ஆலைகளுக்கு மட்டுமே. 2021 ஜூலையில் அதே நாட்டில் ரூப்கஞ்சில் பழரசம் தயாரிக்கும் ஆலை ஒன்று எரிந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த ஆலை. வழி பூட்டியிருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர், சிறுவர்களும் அதில்.

இங்கே சர்க்கார் எந்தப் பக்கம் போகிறது? 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2020-ல் பாராளுமன்றத்தில் நிறைவேற்றி 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்பில் இருபது பேர். மின்சாரம் இல்லாத இடமானால் இருபது நாற்பதாயிற்று. பத்தொன்பது பேர் தைக்கும் மாடியில் தீ சுடாது போலும்! இன்ஸ்பெக்டருக்கும் புதுப்பெயர்: ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவருமாம். யாருக்கு வசதி? மாநிலத்திலும் குறைவில்லை. 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, விதி மீறிக் கட்டியவன் பணம் கட்டினால் கட்டிடம் வரன்முறையாகிவிடும் என்றார்கள். பணம் கஜானாவுக்குப் போயிற்று; கட்டாமல் விட்ட படிக்கட்டு எங்கிருந்து வரும்?

பதினோரு நிமிஷம்

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். சங்கம் நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இருபது இனம் இருந்தால், தீப்பாதுகாப்பு இருபதாவது. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதைத்தான். போனஸ் முக்கியம், பஞ்சப்படி முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய போனஸை வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டாமா?

சென்ற வருஷம் ஒரு நூல் மில்லில் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தோம். பின்கேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று தோழர்கள் எழுப்பினார்கள். "திறந்து வைத்தால் கோன் எல்லாம் வெளியே போய்விடும், ஆபத்து என்றால் உடனே திறப்போம்" என்றார் மானேஜர். சரி, இப்போது ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், திறந்து காட்டுங்கள் என்றோம். எல்லாருமாகப் பின்கேட்டுக்குப் போனோம். வழியில் பஞ்சுப் பேல். சிவப்பு வர்ணம் அடித்த மணல் வாளி நாலு தொங்கிற்று. மணலுக்கு மேல் வெற்றிலை எச்சில். சாவி வாச்மேனிடம். வாச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். ஆள் அனுப்பினார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூட்டுத் திறக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் முதல் சாவி கேட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிற்று. ஒரு வாரம். பிறகு பழையபடி வாச்மேன் இடுப்புக்கே போய்விட்டது.

திருட்டுப் பயம் என்பதும் பசப்பு. உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க வராத கதவு எத்தனையோ காலமாக உலகத்தில் இருக்கிறது. அதில் மணி ஒன்றையும் மாட்டிவிட்டால் யார் திறந்தாலும் ஊருக்கே கேட்கும். ஒரு காரின் டயர் விலை ஆகாது. அதைப் பொருத்து என்று இப்போது அந்த மில் தோழர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பட்டியலில் மூன்றாவது இனமாக.

இந்த வாரம் ஷிப்டு முடிந்து வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் இடத்துப் பின்கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். உள்நோக்கித் திறக்கிறதா, வெளிநோக்கியா என்று பாருங்கள். படிக்கட்டில் சரக்கு இருந்தால் எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரியுங்கள். கிராமத்துத் தோழர்கள், கடைக்கும் மில்லுக்கும் அனுப்பிய பெண்ணுக்கு இன்று இரவு போன் போட்டு, படுக்கும் இடத்தில் எத்தனை வழி என்று கேளுங்கள். கேட்டதை நமக்கு எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை மாடி, எத்தனை பேர், சாவி யாரிடம். எழுதுகிறவர் பெயரை வெளியிட மாட்டோம்.